ஓசை பிறந்த இடம்

தமிழாசிரியனாக யான் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் தவறாமல் நடத்திய பாடம் ஒன்று உண்டு. அது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலைப் பற்றியது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை, மூக்கு, நா, இதழ், பல், அண்ணம் என்னும் எட்டு இடங்களைச் சார்ந்து வெவ்வேறு எழுத்தோசைகளாகப் பிறக்கும் முறையை அவ்வியல் விளக்குகின்றது. எந்த எழுத்து எங்கே பிறக்கும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை கூறுவேன். அத்தகைய யான், நாள்தோறும் ஏறிச் சென்ற என் மிதிவண்டியில் ஓர் ஓசை எங்கே பிறந்தது என்பதை அறியாமல் இருபது நாள் இடர்ப்பட்டேன். அவ்வளவோடு நில்லாமல், பிழை செய்யாத ஒருவனுக்குத் தீங்கும் இழைத்தேன்.

1988ஆம் ஆண்டு அது. யான் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. குடியிருந்தது தஞ்சாவூரில்; பள்ளியோ திருவையாற்றின் பக்கத்தில். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளையும் பாலங்களின் வழியே கடந்து செல்லுதல் வேண்டும். காலையும் மாலையும் மிதிவண்டியே எனக்குத் துணை.

ஐப்பசித் திங்களில் ஒருநாள், வெண்ணாற்றுப் பாலத்தின்மீது செல்லும்போது ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்டது. சற்றுநேரத்தில் மீண்டும் ‘டக்’. திறந்த சாலையில் காற்றோடு கலந்து மறைந்த அவ்வோசை, பாலத்தின் கைப்பிடிச்சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாக ஒலித்தது. அன்று முதல் அஃது என்னை விட்டு நீங்கவில்லை. ஆற்றின் அழகும் வயலின் பசுமையும் என் கண்ணில் படவில்லை. செவி ஒன்றே வேலை செய்தது.

ஓசை கைப்பிடியின் அடியிலிருந்தே வருவதாக என் செவி கூறிற்று. அதற்கு முந்திய வாரந்தான் எங்கள் தெருமுனையில் இருந்த சைக்கிள் கடையில் முன்போர்க்கைக் கழற்றிப் பால்ரஸ் குண்டுகளை மாற்றியிருந்தார்கள். அவ்வேலையைச் செய்தவன் அங்கே தொழில் பழகிவந்த ஓர் இளைஞன். யான் ஐயுற்றுப் பார்க்கவேயில்லை. குற்றம் அவனுடையதே என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்குச் சென்றபோது மழைக்கு ஒதுங்கி நால்வர் நின்றிருந்தனர். “வேலை தெரியாதவன் கையில் வண்டியைக் கொடுத்தது என் பிழை” என்று அவர்கள் கேட்கக் கூறினேன். இளைஞன், “ஐயா, நான் சரியாகத்தான் பூட்டினேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டுமா?” என்று பணிவோடு கேட்டான். “எனக்குக் காது இல்லையா?” என்று மறுத்துவிட்டேன். ஆசிரியர் சொல்லில் பிழை இராது என்று கடைக்காரர் நம்பினார். போர்க்கை மீண்டும் பிரித்துப் புதிய குண்டுகளை இட்டார். அவற்றின் விலையை இளைஞனது வாரக் கூலியிலிருந்து பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை வெண்ணாற்றுப் பாலத்தில் அதே ‘டக்’ என்னை வரவேற்றது.

பிறகு வேறொரு கடையை நாடினேன். மட்கார்டின் திருகுகளை முறுக்கச் செய்தேன், செயினை மாற்றினேன். பணம் சென்றது, ஓசை செல்லவில்லை.

இந்நிலையில் ஒருநாள் வகுப்பில் பிறப்பியல் பாடம் நடந்தது. “பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால்தானே பிறக்கின்றன? அப்படியானால் வேறுபாடு எதனால்?” என்று ஒரு மாணவன் வினவினான். “மூக்கை விரல்களால் அடைத்துக்கொண்டு இரண்டையும் ஒலித்துப் பாருங்கள்” என்றேன். அனைவரும் அவ்வாறே செய்தனர். பகரம் மாறவில்லை, மகரம் திணறியது. “ஓர் உறுப்பை அடக்கினால் எந்த ஓசை மாறுகின்றதோ, அந்த ஓசைக்கு அவ்வுறுப்பும் காரணம்” என்று விளக்கினேன். விளக்கிய சொல் என்னையே சுட்டது. மாணவர்க்குச் சொன்ன இம்முறையை யான் ஒருநாளேனும் கையாண்டேனா?

அன்று மாலை திரும்பும் வழியில் அதனைத் தொடங்கினேன். பாலத்தின் இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானே ஓடவிட்டேன். சக்கரங்கள் சுழன்றன, மட்கார்டும் முன்போர்க்கும் அதிர்ந்தன, ஆயினும் ஓசை இல்லை. கைப்பிடியை விரல் நுனியால் மட்டும் தொட்டு மிதித்தேன், ஓசை எழுந்தது. இருக்கையை விட்டு எழுந்து மிதித்தேன், அப்போதும் எழுந்தது. பின்னர் எண்ணத் தொடங்கினேன். என் வண்டியின் பெரிய பற்சக்கரத்தில் 44 பற்கள். பின்சக்கரத்துப் பிரீவீலில் 18 பற்கள். ஆகவே பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். ஓசையோ பெடலின் ஒரு சுற்றுக்கு ஒருமுறையே, இடக்கால் கீழிறங்கத் தொடங்கும்போது கேட்டது.

வீட்டை அடைந்ததும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இருபுறத்துக் கிராங்குகளையும் இரு கைகளால் பற்றி எதிரெதிராக அழுத்தினேன். இடக்கிராங்கு ஒரு நெல்லளவு அசைந்தது. கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் என்னும் ஆப்பு தளர்ந்திருந்தது. முன்போர்க்குக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வண்டியின் உடல் உள்ளீடற்ற எஃகுக் குழாய்களால் இணைந்தது. ஓரிடத்தில் எழும் ஓசை எஃகின் வழியே எளிதில் பரவி வேறோரிடத்தில் கேட்கும். கேட்ட இடத்தையே பிறந்த இடமாக யான் கொண்டேன்.

மறுநாள் காலை தெருமுனைக் கடைக்குச் சென்றேன். அன்று என் கடுஞ்சொல்லைக் கேட்ட நால்வருள் இருவர் அங்கே இருந்தனர். அவர்கள் முன்னிலையில், “தம்பி, பிழை உன்னுடையதன்று, என்னுடையது” என்று கூறி, அவன் கூலியில் குறைந்த தொகையை அவன் கையில் கொடுத்தேன். மற்ற இருவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் உள்ளத்தில் அவ்விளைஞன் இன்றளவும் வேலை தெரியாதவனாகவே இருத்தல் கூடும். சொன்ன சொல்லை முழுதும் மீட்க வழியில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அவன் ஒன்றும் கூறாமல் பழைய ஆப்பைத் தட்டி எடுத்தான். புதியதை அரத்தால் தேய்த்துப் பொருத்திச் சுத்தியலால் அடித்து, நட்டை முறுக்கினான். “இன்னும் சில நாள் இப்படியே ஓட்டியிருந்தால் ஓட்டை தேய்ந்து கிராங்கு நழுவியிருக்கும், ஐயா. புது ஆப்பு நான்கு நாளில் சற்று இளகும், வாருங்கள், மறுபடி முறுக்கித் தருகிறேன்” என்றான். அவன் சினந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவர்களே! மிதிவண்டி ஓசையிடும்போது பேசுகின்றது என்று கொள்ளுங்கள். ‘கிறீச்’ என்றால் செயின் எண்ணெய் வேண்டுகின்றது. ‘லொடலொட’ என்றால் மட்கார்டிலோ கேரியரிலோ திருகு தளர்ந்திருக்கும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டிக்’ என்றால் டயரில் சிறு கல் பதிந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல், ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தால் காரணம் தானே வெளிப்படும். எண்ணெயை மட்டும் பிரேக் கட்டை உராயும் விளிம்பில் படவிடாதீர்கள்.

மனிதர் நடுவே எழும் ஓசைகளுக்கும் இதுவே முறை. ஒரு குறை செவியில் பட்டவுடன், அருகில் நிற்பவனைச் சுட்டுதல் எளிது. பிறந்த இடத்தைத் தேடுதல் அரிது. ஆயினும் அதுவே அறம். யான் இருபது நாள் கழித்துக் கற்ற பாடத்தை நீங்கள் முன்னரே கற்றுக்கொள்ளுங்கள்.