பொன்னி என்னும் பெயர்

எங்கள் தாயாரின் பெயர் பொன்னி. சென்ற தைத் திங்களில் எங்களுக்குப் பேத்தி பிறந்தபோது அப்பெயரையே சூட்ட விரும்பினோம். பெங்களூரில் பணியாற்றும் எங்கள் மகனோ, "அது அரிசியின் பெயராகிவிட்டதே, அப்பா! பள்ளியில் பிள்ளைகள் நகைப்பார்களே!" என்றான்.

அவனுக்குக் கூறியதையே அன்பர்களுக்கும் கூறுகின்றோம். பொன் என்னும் சொல்லடியாகப் பிறந்தது பொன்னி. பழைய இலக்கியங்களில் அது காவிரியின் பெயர். பாயும் நிலமெல்லாம் பொன் கொழிக்கச் செய்வதால் அப்பெயர் பெற்றாள் என்பர். 1902-ஆம் ஆண்டில் அக்காவிரியே சிவசமுத்திரத்தில் மின்சாரமாகி, சுமார் 147 கிலோமீட்டர் கடந்து வந்து, நமது கோலார் தங்கவயலின் சுரங்க இயந்திரங்களை ஓட்டினாள். நாம் வாழும் கோரமண்டல் என்னும் ஊர்ப்பெயரும் சோழமண்டலம் என்பதன் திரிபே என்பர் அறிஞர் பலர். ஆகவே பொன்னி இவ்வூருக்கு அயலாள் அல்லள்.

எங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகள் பாதாளத்தில் பொன் வெட்டினார். தாயாரின் கழுத்திலோ இறுதிவரை மஞ்சட் கயிறே கிடந்தது. எங்கள் வீட்டில் இருந்த பொன் அவரது பெயர் ஒன்றே. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்களும் மூடப்பட்டன.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பிறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை எடுத்துத் தன் கையாலேயே பொன்னி என்று எழுதினான்.

பிழைக்க வந்த இடத்தில் நிலமோ நகையோ சேர்க்க இயலாதவர் நம்மில் பலர். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு அளிக்க யாவராலும் இயலும் அன்றோ?