ரயில் நின்றது, பயணிகள் நிற்கவில்லை

 

கொடைக்கானல் செல்ல ரயிலேறியவர்கள் ‘கொடைக்கானல் ரோடு’ நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அது அமைந்துள்ள ஊர் அம்மையநாயக்கனூர் என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால், மலைமேல் இருக்கும் நகரின் பெயரைச் சுமந்து நிற்கும் நிலையம் அது. மர்ஹூம் என் அத்தா அவர்கள் அதன் எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தார்கள்.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. மலைக்குச் செல்வோர் இங்கிறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பை அடைவர். பிறகு நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ மலையேறுவர். வண்டிக்காரருக்கும் சுமைதூக்குவோருக்கும் ரயில் பிழைப்பளித்தது. 1910-களில் லா மலைப்பாதையில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. ரயிலை விட்டிறங்கியவர்கள் அன்றே மலைமேல் சேர்ந்தனர். கொடைக்கானல் வளர்ந்தது. எங்கள் ஊருக்குக் கிடைத்ததோ, ஒரு தேநீர் அருந்தும் நேரம்.

“ரயில் நிற்கும் ஊர் ஏன் வளரவில்லை அத்தா?” என்று சிறுவயதில் கேட்டேன்.

“ரயில்தான் நிக்குது தம்பி, ஆள் நிக்கலையே!” என்றார்கள்.

அச்சொல்லின் ஆழம் கல்லூரியில் வரலாறு பயின்றபோதே விளங்கிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி 1896-இல் இருப்புப்பாதை போடத் தொடங்கினர். நம் நாட்டிலிருந்து சென்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அதில் உழைத்தனர். 1899-இல் அப்பாதை, செங்குத்தான மலைப்பகுதிக்கு முன்னிருந்த ஒரு சதுப்புவெளியை அடைந்தது. அங்கே பணிமனையும் அலுவலகமும் ஊழியர் குடியிருப்பும் அமைந்தன, கடைத்தெரு எழுந்தது. அதுவே இன்றைய நைரோபி மாநகரம்!

இரண்டுமே மலையேற்றத்துக்கு முந்திய நிறுத்தங்கள்தாம். அங்கே வந்தவர் தங்கினர். இங்கே வந்தவர் வண்டி மாறினர். வருமானம் போதாமல் அத்தா கடையை மூடினார்கள். நாங்களும் ஊரைவிட்டுப் பெயர்ந்தோம்.

2023 ஜூனில், ஏலக்காய்க்குப் பேர்பெற்ற போடிநாயக்கனூருக்கு அகலப்பாதையில் ரயில் வந்தபோது மக்களோடு நானும் மகிழ்ந்தேன். ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். ரயில் வேண்டும் என்று கேட்கும் ஊரார், அதனருகே பண்டகசாலையும் தொழிற்கூடமும் வேண்டும் என்றும் கேட்க வேண்டாமா? பிள்ளைகள் ரயிலேறிப் பிழைக்கப் போவதற்கு மட்டும் ஒரு நிலையம் போதுமா?

முஸாஃபிர்களுக்காக அத்தா கடைவாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். குடித்தவர்கள் துஆச் செய்து சென்றார்கள். ஊரின் பெயரை மட்டும் எவரும் கேட்டதில்லை.

நம் சிற்றூர்கள் தம் பெயரோடு வாழ வல்ல இறைவன் அருள்புரிவானாக!