கேள்வி காத்திருக்கும்

'நாள் பூராவும் வீட்டிலேதானே இருக்கிறாய், படிக்க நேரமில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் இருக்கிறது, சேர்ந்தாற்போல் ஒரு மணி கிடைப்பதுதான் அரிது. குழந்தை தூங்கும் இருபது நிமிஷம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷம் என்று துண்டு துண்டாகத்தான் நமக்குப் பொழுது வாய்க்கிறது.

ஒன்றரை வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் புள்ளியியல் படித்தது இந்தத் துண்டு நேரத்தில்தான். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். திட்டத்தில், 12 வாரப் பாடம் ஒன்றில் இன்டர்நெட் வழியாகச் சேர்ந்தேன். சேருவதற்குக் கட்டணம் இல்லை. வீடியோ பாடத்தை நமக்கு ஒழிந்தபோது கேட்கலாம். சந்தேகத்தை எழுதிப் போட்டால், ஆசிரியரின் உதவியாளரோ கூடப் படிப்பவரோ தமக்கு ஒழிந்தபோது பதில் எழுதுவார்.

"ஏம்மா, எதிரே வாத்தியார் இல்லாம என்ன படிப்பு?" என்று கேட்டார் மாமியார். நியாயமான கேள்விதான். வகுப்பில் நாம் விழிப்பதைப் பார்த்தே ஆசிரியர் மறுபடி சொல்லுவார். எழுத்துக்கு முகம் கிடையாதே! 'புரியவில்லை' என்று மட்டும் எழுதினால் யார் என்ன பதில் சொல்ல முடியும்? எந்த வாரம், எந்தக் கணக்கு, எந்த வரி வரை புரிந்தது, எங்கே முட்டுகிறது என்று விவரமாக எழுத வேண்டும். அப்படி எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மாதிரிக்கு எடுத்த ஐந்து எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணக்கிடும்போது, ஏன் நாலால் வகுக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு எழுதிப் போட்டேன். காலையில் பால் காயும்போது பார்த்தால் பதில் வந்திருந்தது. 'ஐந்தின் சராசரி தெரிந்தபின், நாலு எண்ணைச் சொன்னாலே ஐந்தாவது தானாக வந்துவிடும். இஷ்டப்படி மாறக்கூடியவை நாலுதான்.' கூடப் படிக்கும் யாரோ எழுதியது. எழுத்தில் இருந்ததால் நிதானமாக மூன்று தரம் படித்தேன். மனசில் பதிந்துவிட்டது.

நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு வார வீட்டுப்பாடம் போயிற்று. 'இத்தோடு சரி' என்று அழுகையே வந்துவிட்டது. பிறகு விதியைப் படித்தால், 12 வீட்டுப்பாடங்களில் நல்ல மார்க் வந்த 8-ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு 25 மார்க். மீதி 75-க்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். விட்டுப்போன பாடங்களும், அவற்றுக்கு மற்றவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் அப்படியே இருந்தன. ராத்திரி ராத்திரியாக அவற்றைப் படிப்பதைப் பார்த்த மாமியார், "பரீட்சை என்னிக்கும்மா? குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

இப்படிப் படிக்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கேள்வி காத்திருக்கும், கெடு காத்திருக்காது. பதில் வர ஓரிரு நாள் ஆகலாம் என்பதால், சந்தேகத்தை வார ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைப் பிறர் கேட்டால் கூச்சப்படாமல் பதில் எழுதுங்கள். பிறருக்கு விளக்கும்போது நமக்கும் தெளிகிறது. தனியாகப் படிக்கிறோமே என்ற ஏக்கமும் குறைகிறது.