உருளும் கற்கள்

இசைவாணர்க்கு முதுமை உண்டோ என்னும் வினா நம் நாட்டார்க்குப் புதியதன்று. மல்லனுக்கு முதுமை உண்டு. மரமேறுகிறவனுக்கு முதுமை உண்டு. பாடகனுக்கோ நரை ஓர் அணிகலன் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டு விளங்கிய செம்மங்குடி சீனிவாச ஐயர், எண்பது வயதைக் கடந்த பின்னரும் மேடையேறிப் பாடினார். குரல் தளர்ந்துவிட்டதே என்று அவரை யாரும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. தளர்ந்த குரலிலும் எஞ்சி நின்ற ஞானத்தைக் கேட்கவே மக்கள் சென்றனர்.

ஆனால் மேல்நாட்டு ராக் இசையின் கதை வேறு. அது இளைஞர்க்கென்று பிறந்த இசை. பெற்றோரின் பேச்சுக்குச் செவிசாயாமை, துள்ளல், உரத்த ஓசை ஆகியவற்றையே தனக்கு இலக்கணமாக வகுத்துக்கொண்டது. அத்தகைய இசையை அறுபது வயதினர் பாடினால் அது பொருந்துமா? இந்த ஐயத்தோடுதான் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கல்லாற்றிலிருந்து பெங்களூர் வரை நாங்கள் பயணம் செய்தோம். நாங்கள் என்றது கணவன், மனைவி, பள்ளியிறுதி வகுப்பை முடித்த மகன் ஆகிய மூவரை.

கேட்கச் சென்றது ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் ஆங்கிலேய இசைக்குழுவை. உருளும் கற்கள் என்பது அப்பெயரின் பொருள். கல்லாற்றில் வாழ்வோர்க்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. பொன்முடி மலைச்சரிவில் இறங்கி வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் எங்கள் ஆறு முழுவதும் உருண்டு உருண்டு வழவழப்பான கற்களே. மழைக்காலத்து இரவுகளில், வெள்ளத்தின் அடியில் அவை ஒன்றோடொன்று மோதும் ஓசையை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

இக்குழுவின் பெயர், மட்டி வாட்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் 1950-இல் வெளியிட்ட பாடல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளில் உழைத்தவர்; 1943-இல் பிழைப்புத் தேடி வடக்கே சிகாகோ நகருக்குக் குடியேறியவர். ஊரில் வெறுங் கிதாரோடு பாடிய பாட்டை, நகரத்து இரைச்சலில் கேட்கும்படி மின்சாரக் கிதாரில் வாசித்தார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கிய இலண்டன் இளைஞர் சிலர் 1962-இல் இக்குழுவைத் தொடங்கினர். ஊர்விட்டு ஊர் சென்றவரின் பாட்டே இந்த இசையின் வேர் என்பதை, ஊர்விட்டு வந்து வாழும் நம் போன்றோர் அறிந்திருத்தல் நன்று.

எங்கள் பயணத்தை வீட்டுப் பெரியவர் விரும்பவில்லை. அப்போது அவருக்கு எழுபத்தோரு வயது. இளமையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பகலில் தோட்டவேலை, கொடை நாட்களில் நையாண்டி மேளத்தில் தவில். நாற்பது ஆண்டுக் காலம் அம்மன் கோயில் கொடைகளில் அவர் தவிலைத் தோளில் தொங்கவிட்டு விடிய விடிய வாசித்திருக்கிறார். அறுபத்தெட்டாம் வயதில் இடத்தோள் வலியெடுக்கவே, தவிலைத் துணியால் மூடிப் பரணில் ஏற்றிவிட்டார். “வயசான பிறகு மேளத்தைத் தொட்டா நாலு பேர் சிரிப்பான்” என்பது அவர் கொள்கை. நாங்கள் புறப்பட்டபோது, “கிழடுக ஆடுறதைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம் போறீய?” என்று மட்டும் கேட்டார்.

விதுரை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து. அங்கிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. மூவரின் பயணச் செலவும் நுழைவுச் சீட்டும் சேர்ந்து எங்கள் ஒரு மாதச் செலவை விழுங்கின. மகன் ஈராண்டாகச் சேர்த்த உண்டியற் பணமும் அதில் அடக்கம். ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கச்சேரி. அக்குழு இந்திய மண்ணில் வாசித்த முதற்கச்சேரி அதுவே. மூன்று நாள் கழித்து மும்பையில் மற்றொன்று நடந்தது.

இளைஞர் கூட்டத்தை எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு அங்கே முதல் வியப்புக் காத்திருந்தது. நரைத்த தலையினர் ஏராளமாக வந்திருந்தனர். ஒருவர் தம் பேத்தியைத் தோளில் சுமந்து நின்றார். மற்றொருவர் கல்லூரி நாட்களில் வாங்கிய இசைத்தட்டின் அட்டையை உறையிலிட்டுக் கொண்டுவந்திருந்தார். நாற்பதாண்டு காலம் தட்டிலும் நாடாவிலும் மட்டுமே கேட்டவர்கள், பாடியவர்களை ஒருமுறை கண்ணால் காண வந்திருந்தனர்.

பாடகர் மிக் ஜாகருக்கும் கிதார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது வயது ஐம்பத்தொன்பது. மேளக்காரர் சார்லி வாட்ஸுக்கு அறுபத்தொன்று. ஜாகர் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினார். கூட்டம் முழுவதும் அவரையே பார்த்தது. எங்கள் கண்களோ சார்லி வாட்ஸிடம் சென்று நிலைத்தன. அவர் ஓடவில்லை, சிரிக்கவில்லை. அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவரைப் போல் அமர்ந்து, சிறிய மேளக்கட்டை அளவோடு அடித்துக்கொண்டிருந்தார். முன்னே நிற்பவர்களின் துள்ளல் அனைத்தும் அந்த ஒரு மனிதரின் நிதானத்தின்மேல் நிற்கிறது என்பது சிறிது நேரத்தில் விளங்கிற்று. “தாத்தாவும் இப்படித்தானே வாசிப்பார்?” என்று மகன் எங்கள் காதருகே உரக்கக் கத்தினான். நாதசுரக்காரர் எவ்வளவு குழைந்தாலும் தவில்காரர் முகத்தில் அசைவிராது என்பதை அவன் சிறுவயதில் கண்டிருந்தான்.

இத்தகைய கச்சேரிகளைக் குறைகூறுவோர் சொல்வதிலும் உண்மை உண்டு. இசைத்தட்டு விற்பனை தளர்ந்த காலத்தில் பழங்குழுக்களுக்குப் பயணக் கச்சேரியே பெரிய வருவாய். ஆதலின் நுழைவுச் சீட்டின் விலை ஏழைக்கு எட்டாது. தொலைவில் நிற்பவர் திரையைத்தான் காண்கிறார். குரல் இறங்கிவிட்டதால் பழைய பாடல்களைத் தாழ்ந்த சுருதியில் பாடுவோரும் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும், இருபது வயதில் பாடிய ஆசைப் பாட்டை அதே மனிதர் அறுபதில் பாடும்போது அதன் பொருளே வேறாகிறது. இசைத்தட்டு அவரை இருபது வயதிலேயே நிறுத்தி வைத்துவிடுகிறது. நேரில் கேட்பவர்க்குத்தான், இடையில் சென்ற நாற்பதாண்டுகளும் சேர்ந்து கேட்கின்றன.

ஊர் திரும்பியதும் மகன் பெரியவரிடம் சென்று அமர்ந்தான். கச்சேரியைப் பற்றி அதிகம் பேசவில்லை. மேளக்காரருக்கு அறுபத்தொரு வயது என்றான். உட்கார்ந்தபடியே வாசித்தார் என்றான். யாரும் சிரிக்கவில்லை என்றான். பெரியவர் மறுமொழி கூறவில்லை. நான்கைந்து நாள் சென்றபின் பரணிலிருந்து தவிலை இறக்கச் சொன்னார். வார் தளர்ந்திருந்தது, வலந்தலைத் தோல் ஈரம் ஏறி மந்தமாயிருந்தது. வெயிலில் வைத்து வாரை இழுத்துக் கட்டினார். வலக்கை விரல்களுக்குப் பசையும் துணியும் சுற்றிப் புதுக் கூடுகள் செய்து காயவைத்தார். இடக்கைக் கழியைத் துடைத்து எண்ணெய் தடவினார்.

அவ்வாண்டுக் கொடையில் வாசிக்கலாமா என்பது குறித்து வீட்டில் இரு கருத்து இருந்தது. தோள் மீண்டும் வலித்தால் யார் பொறுப்பு என்று உறவினர் சிலர் கேட்டனர். மேளக்காரர்களை வெளியூரிலிருந்து அழைத்தாயிற்று, முதியவரை இடையில் நுழைப்பது முறையன்று என்றனர் சிலர். வந்த மேளக்காரர்களே இதனைத் தீர்த்துவைத்தனர். அவர்களுள் மூத்தவர் பெரியவரின் பெயரைக் கேட்டதும் எழுந்து, தாம் அமர்ந்திருந்த பலகையை அவருக்கு நகர்த்தினார்.

பெரியவர் தவிலை மடியில் வைத்து அமர்ந்தே வாசித்தார். முன்போல் வேகம் இல்லை. இடக்கைக் கழி சில இடங்களில் பிந்தியது. அத்தகைய இடங்களில் உடன்வாசித்த இளைஞர் தம் அடியைக் குறைத்து அவருக்கு வழிவிட்டார். அரைமணி நேரத்துக்கு மேல் அவர் வாசிக்கவில்லை. தோட்டத்திலிருந்து வேலை இழந்து சமவெளிக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் பல அந்தக் கொடைக்கென்று திரும்பி வந்திருந்தன. அவர்களுள் வயதான பெண்கள் சிலர், பந்தலின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டோம். அவர்கள் கேட்டது தவிலை மட்டுமோ, தாங்கள் இளமையில் வாழ்ந்த லயத்து வாசலையும் சேர்த்தோ, நாமறியோம். அதன்பின் இரண்டு கொடைகளில் அவர் வாசித்தார்.

காலம் யாருக்கும் நிற்பதில்லை. சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டு 24-ஆம் நாள் எண்பதாம் வயதில் மறைந்தார். குழுவினர் அடுத்த மாதமே வேறொருவரை மேளத்தில் அமர்த்திப் பயணத்தைத் தொடர்ந்தனர். 2024-இல் எண்பது வயது ஜாகர் அமெரிக்க நகரங்களில் பாடினார். ‘அயர்ன் மெய்டன்’ குழுவின் மேளக்காரர் நிக்கோ மெக்பிரெயின் 2023-இல் பக்கவாதம் கண்டும் தேறி வந்து வாசித்து, 2024 டிசம்பரில் பயணக் கச்சேரிகளுக்கு விடைகொடுத்தார். பர்மிங்காமில் 2025 ஜூலை 5-ஆம் நாள் ஆசி ஆஸ்போர்ன் தம் பழைய தோழர்களோடு கடைசியாகப் பாடினார். நடுக்கு நோயால் நிற்க இயலாது அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடிய அவர், பதினேழாம் நாள் உயிர் நீத்தார். அன்று சென்று கேட்டவர்கள் பேறு பெற்றவர்கள்.

பெங்களூருக்கும் பர்மிங்காமுக்கும் யாவரும் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. நம் திருவனந்தபுரத்திலேயே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. அவ்விழாவுக்கெனப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இன்றைய தமிழ்நாட்டு எல்லையிலிருந்து ஊர்வலமாக எழுந்தருளுகின்றனர். அம்மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. 2006-இல் அவ்வழக்கத்தை மாற்றிப் பாடிய முதற்பெண்மணி பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்ற முதல் மாணவியும் அவரே. 2017-இல் பத்மஸ்ரீ பெற்று, 2021-இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். இளமையில் திறவாத கதவு முதுமையில் திறந்தது. திறந்தபோது பாடக் குரல் இருந்தது.

ராக் கச்சேரிகளுக்குப் பிள்ளைகளோடு செல்ல விழையும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பத்தைந்து டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது வல்லுநர் வகுத்த அளவு; மூன்று டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். கணக்கிட்டால் நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரமே. ஆதலின் நுரையாலான காதடைப்பான் கட்டாயம் வேண்டும். வெறும் பஞ்சு போதாது. ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நிற்றல் கூடாது. ‘ஏசி/டிசி’ குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் செவிக்கேட்டுக்கு அஞ்சிப் பயணத்தை இடையில் நிறுத்த நேர்ந்ததை நினைவிற் கொள்க.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவில் திரைப்பாடல் இசைத்தட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை நம் குடும்பங்களிலுள்ள முதியவர்க்கு ஒதுக்குக. தாலாட்டு அறிந்த பாட்டியர், வில்லுப்பாட்டில் குடம் தட்டியவர், தோட்டத்துப் பஜனையில் கஞ்சிரா வாசித்தவர் என்று நம்மிடையே பலர் உளர். நல்ல நாற்காலி ஒன்றும் குடிநீரும் வைத்து, ஒலிபெருக்கியை அவர்கள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தால் போதும். அவர்கள் முதலில் மறுப்பார்கள், இருமுறை கேளுங்கள்.