சுருள் கட்டுவோர்: மறுகட்டு ஆவியாக்கியும் அதன் கைவினைஞரும்

ஐக்கிய இராச்சியத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் மின்சிகரெட்டுகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டில் வாரந்தோறும் ஏறத்தாழ 50 இலட்சம் கருவிகள் வீசியெறியப்பட்டன என்று மின்கழிவு மீட்புக்காக இயங்கும் மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பு கணக்கிட்டிருந்தது. தடையையொட்டி நடந்த விவாதங்களில் குப்பையும் சிறுவர் பழக்கமும் வரியும் இடம்பெற்றன. எறியவே தேவையில்லாத ஒரு கருவியைத் தம் கையாலேயே கட்டியும் பிரித்தும் பழுதுபார்த்தும் வந்த ஒரு சிறு கைவினைக் கூட்டம் அதே தொழிலுக்குள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருந்துவருவதையும், எறிகருவிகளின் பெருக்கத்தால் முதலில் நலிந்தவர்கள் அவர்களே என்பதையும் எவரும் பொருட்படுத்தவில்லை.

மின்கலம், சூடாக்கும் கம்பிச்சுருள், திரவம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மின்சிகரெட் ஆகும். சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003ஆம் ஆண்டில் உருவாக்கிய வடிவமே இன்றைய வணிகப் பொருளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணச்சாறு, நிகோட்டின் ஆகியவை கலந்த திரவத்தைப் பஞ்சு உறிஞ்ச, அப்பஞ்சைத் தழுவியிருக்கும் சுருள் சூடேறி அதனை ஆவியாக்குகிறது. இவை நிகழும் அறைக்கு அட்டோமைசர், அதாவது ஆவியாக்கி, என்று பெயர். பெரும்பாலான கருவிகளில் சுருளும் பஞ்சும் ஒரு சிறு உலோகக் குழலுக்குள் ஆலையிலேயே அடைக்கப்பட்டு வருவதால், பஞ்சு கருகியதும் குழல் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டியிருக்கும். இதற்கு மாறாக, சுருளைப் பிணைக்கும் தூண்களும் அவற்றைத் தாங்கும் தட்டும் திறந்த நிலையில் அமைந்து, பயனரே கம்பி சுற்றிப் பஞ்சு கோத்துக்கொள்ளுமாறு செய்யப்பட்டது மறுகட்டு ஆவியாக்கி ஆகும். தட்டின்மேல் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடப்படும் வகையை ஆர்.டி.ஏ. (RDA) என்றும், தட்டைச் சூழ்ந்து கண்ணாடித் தொட்டி அமைந்த வகையை ஆர்.டி.ஏ. (RTA) என்றும் இத்தொழிலினர் வழங்குவர். இங்குக் கருதப்படுவது தொட்டி வகையே.

இக்கைவினையைக் காண்பதற்கு இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதி பொருத்தமான களமாகும். மின்சிகரெட் வணிகத்தின் பெருங்கண்காட்சி பர்மிங்ஹாமின் தேசியக் கண்காட்சி மையத்தில் நடைபெற்று வந்திருப்பது ஒரு காரணம். ஆணியும் சங்கிலியும் வீட்டுப் பட்டறைகளில் கையால் செய்யப்பட்ட பிளாக் கன்ட்ரி என்னும் நிலப்பரப்பு அந்நகரை ஒட்டியே அமைந்திருப்பது மற்றொரு காரணம். இப்பகுதியின் கடைத்தெருக்களில் உள்ள மின்சிகரெட் கடைகளில், விற்பனை மேசையின் ஓரத்தில் சுருள் கட்டுவதற்கென ஒரு பலகை ஒதுக்கப்பட்டிருப்பது ஒருகாலத்தில் வழக்கமாக இருந்தது. அப்பலகையில் காணப்பட்ட பொருள்கள் சிலவே: கம்பி உருளைகள், நுனி தட்டையான வெட்டுக்குறடு, பீங்கான் முனை இடுக்கி, 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுற்றுக்கோல், மின்தடை காட்டும் ஓம் மீட்டர், ஜப்பானியப் பருத்திப் பஞ்சு. கட்டுநர்களிற் பலர் புகைபிடிப்பதை விடும் பொருட்டு மின்சிகரெட்டுக்கு மாறி, கடைக்காரரிடமோ காணொளிகளிலிருந்தோ சுற்றக் கற்று, பின்னர் பிறருக்கும் கட்டிக்கொடுக்கத் தொடங்கியவர்கள். இத்தொழிலுக்குப் பயிற்சிப் பள்ளியோ சான்றிதழோ இருந்ததில்லை.

இவர்கள் மிகுதியாகக் கையாளும் கம்பி காந்தல் எனப்படும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்புலோகமாகும். சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் வான் கான்ட்சோ உருவாக்கிய இவ்வுலோகம், ஹால்ஸ்டாஹாமர் என்னும் ஊரில் 1931இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் வழியாகத் தொழிற்சாலை உலைகளுக்கும் வீட்டு அடுப்புகளுக்கும் செல்லத் தொடங்கியது; சூடேறும்போது தன்மேல் அலுமினிய ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்வதால் இது எளிதில் அரிக்கப்படுவதில்லை. 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள காந்தல் கம்பியை 3 மில்லிமீட்டர் கோலின்மேல் ஆறு சுற்றுச் சுற்றினால், தூண்களைச் சென்றடையும் கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 0.8 ஓம் மின்தடை கிடைக்கிறது. முழுமையாக மின்னேற்றப்பட்ட கலத்தின் 4.2 வோல்ட் அழுத்தத்தை 0.8 ஓமால் வகுத்தால் 5.25 ஆம்பியர் மின்னோட்டமும், அதனை மீண்டும் 4.2ஆல் பெருக்கினால் 22 வாட் திறனும் வருகின்றன. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக முடிந்துபோகும் ஓம் விதியை, ஒரு சுற்றைக் கூட்டினால் ஆவி எவ்வளவு குளிரும், ஒரு கேஜ் தடித்த கம்பியைத் தேர்ந்தெடுத்தால் சூடேற எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று தம் அன்றாட அனுபவத்தோடு பொருத்தி அறிந்தவர்கள் இக்கட்டுநர்கள். இவ்வறிவு மதிக்கத்தக்கது.

சுற்றிய சுருளைத் தூண்களில் பிணைத்து மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாகச் செலுத்தும்போது, அது நடுவில் சிவந்து இருபுறமும் சீராகப் பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் அதனைச் சூட்டுப்புள்ளி என்பர். பீங்கான் இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடியும் நெருக்கியும் அப்புள்ளி நீக்கப்படும். ஆவியாக்கியில் கட்டுநரின் கைக்கு உரியவை சுருளும் பஞ்சுமே; தட்டையும் தொட்டியையும் கடைசல் இயந்திரத்தில் செதுக்கும் வேலை பெரும்பாலும் வேறு நாடுகளில், வேறு கைகளால் முடிந்துவிடுகிறது.

எளிய சுருளுக்கு அப்பால், இக்கைவினையின் உயர்நிலை எனத்தக்கது பல கம்பிகளைச் சேர்த்துப் பின்னும் சுருளாகும். ஒரு நடுக்கம்பியின்மேல் மெல்லிய கம்பியை இடைவெளியின்றிச் சுற்றினால் கிடைப்பது, கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயரால் கிளாப்டன் என்று வழங்கப்படுகிறது. வீணையின் மந்தரத் தந்தியை உற்றுநோக்கியவருக்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். சுற்றுகளுக்கிடையே உள்ள நுண்பள்ளங்கள் திரவத்தைப் பிடித்துவைப்பதால் ஆவி செறிவாகிறது. மெல்லிய கம்பியை முதலில் ஒற்றை நடுக்கம்பியின்மேல் சுற்றிப் பின் உருவியெடுத்து, அந்தச் சுருள்நெளியைக் குறிப்பிட்ட அளவு இழுத்து நீட்டி, இணையாக வைத்த மூன்று நடுக்கம்பிகளின்மேல் மறுபடியும் ஏற்றினால், அலையலையான புறத்தோற்றமுடைய ஏலியன் வகை உருவாகிறது. நடுக்கம்பி 28 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.32 மில்லிமீட்டர், மேற்சுற்று 38 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். தலைமயிரின் தடிமனையொத்த கம்பியைக் கையில் பிடித்து இழுவிசை மாறாமல் ஊட்டுவது எத்தகைய கட்டுப்பாட்டைக் கோரும் என்பதை இவ்வளவுகளே உணர்த்தும்.

இவ்வேலை முழுவதும் ஸ்விவல் எனப்படும் ஒரு சிறு கருவியைச் சார்ந்திருக்கிறது. தூண்டில் நூல் முறுக்கேறாதிருக்க மீனவர்கள் கோக்கும் சுழல்வளையமே அது; அதனுள் நுண்ணிய எஃகுக் குண்டுகள் இருப்பதால் ஒருமுனை சுழலும்போது மறுமுனை அசையாது நிற்கிறது. நடுக்கம்பிகளின் ஒருமுனையை டிரில் இயந்திரத்தின் வாயிலும் மறுமுனையை மேசையில் பிணைத்த ஸ்விவலிலும் பூட்டி டிரில்லை மெதுவாக ஓட்டினால், கம்பிகள் மூன்றும் தம்முள் முறுக்கிக்கொள்ளாமல் ஒரே கட்டாகச் சுழல்கின்றன. ஸ்விவல் சிறிதளவு தடைபட்டாலும் மூன்று கம்பிகளும் கயிறாகத் திரிந்து, அதுவரை ஏற்றிய மேற்சுற்று பயனற்றுப்போகிறது. ஆகவே டிரில்லின் விலையைவிட ஸ்விவலின் உருள்மென்மையே கட்டுநரின் கவலையாக இருக்கிறது. மேற்சுற்று ஊட்டும் விரல் கம்பிக்குச் செங்குத்துக்கு மிக அருகே, சற்றே பின்சாய்ந்த கோணத்தில் நிற்க வேண்டும்; சாய்வு கூடினால் சுற்றுகள் ஒன்றன்மேலொன்று ஏறும், குறைந்தால் இடைவெளி விழும். கண்ணைவிடக் காது இங்கு மிகுதியாக உதவுகிறது, ஏனெனில் சுற்று தவறும் கணத்தில் கம்பியின் உராய்வொலி மாறிவிடுகிறது. மீன்பிடிக் கடையிலிருந்து வந்த ஒரு பொருள் கம்பி வேலைக்கு இவ்வளவு இன்றியமையாததாக ஆனதை எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிடவில்லை. மேசையருகே அமர்ந்து முயன்றவர்களே கண்டடைந்தனர்.

பஞ்சு கோத்தல் எளிதாகத் தோன்றினாலும் தொட்டி வகையில் அதுவே கடினமான படியாகும். தொட்டியிலிருந்து திரவம் வெளியேறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. அக்குறைவே மிச்சத் திரவத்தைப் பிடித்துநிறுத்துகிறது. பஞ்சின் நுனிகள் திரவ வாய்க்கால்களை இறுக அடைத்தால் காற்றுக்குமிழி உட்புக இயலாமல் ஊட்டம் நின்று, உலர்ந்த பஞ்சு கருகி, தொண்டையை எரிக்கும் கசப்பு உண்டாகிறது. அத்தகைய மிகைச்சூட்டில் ஃபார்மால்டிகைடு போன்ற நச்சுகளும் பெருகுகின்றன. நுனிகள் தளர்ந்தால் திரவம் பெருகிக் காற்றுத்துளை வழியே ஒழுகுகிறது.

இக்கைவினையின் ஆபத்தையும் மறைக்கலாகாது. மின்னணுக் கட்டுப்பாடின்றி மின்கலத்தை மட்டும் தாங்கும் எளிய உலோகக் குழல்களில், சுருளின் மின்தடைதான் மின்கலத்திற்கும் விபத்துக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பாகும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 வகைக் கலங்களிற் சிறந்தவையும் தொடர்ச்சியாக 20 முதல் 30 ஆம்பியர் வரையே தரவல்லவை, 0.1 ஓம் சுருளோ 42 ஆம்பியரைக் கோரும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 2018இலும் டெக்சஸில் 2019இலும் மின்சிகரெட் வெடித்து இருவர் உயிரிழந்தனர். ஓம் மீட்டரில் அளக்காத சுருளை வாடிக்கையாளரிடம் கொடுக்கும் கட்டுநர் கைவினைஞர் என்னும் பெயருக்கு உரியவராகார்.

பொருளியல் பக்கம் வருந்தத்தக்கது. 30 அடி எளிய கம்பி உருளை ஒன்றிலிருந்து, சுருளொன்றுக்கு 12 சென்டிமீட்டர் செலவானால், எழுபதுக்கும் மேற்பட்ட சுருள்கள் பிறக்கும். ஆலைக்குழல்கள் எழுபதை வாங்க ஆகும் செலவோடு இதனை ஒப்பிடவே இயலாது. பயனர் தாமே கட்டத் தெரிந்துகொள்வதால் இலாபம் இழப்பது யார் என்று நோக்கினால், இக்கைவினை வளராததன் காரணம் விளங்கும். கிரீஸிலும் ஜெர்மனியிலும் சிறு நிறுவனங்கள் வடிவமைத்த ஆவியாக்கிகளை, அவற்றுள் பெயர்பெற்ற கேஃபனையும், அதன் விலையின் சிறு பங்குக்கு நகலெடுத்துச் சீனாவின் ஷென்ஷென் ஆலைகள் சந்தையில் குவித்தன. வடிவமைத்தவரும் நட்டமடைந்தார், நகலெடுக்கும் ஆலையில் நாள்முழுதும் நின்ற தொழிலாளியும் செழிக்கவில்லை, மொத்த வணிகரே செழித்தார். கைச்சுருள்களும் அவ்வாறே தரகர் பெட்டிக்குள் புகுந்து, கட்டியவர் பெயர் நீங்கி, வணிகப்பெயர் ஒட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. பிளாக் கன்ட்ரி இதனை முன்பே கண்டிருக்கிறது. ஆணி, சங்கிலித் தொழில்களில் ஃபாகர் என்று அழைக்கப்பட்ட இடைத்தரகர்கள் இரும்பைக் கொடுத்துப் பண்டத்தை வாங்கி உழைப்பவரின் கூலியை உறிஞ்சினர். கிரேட்லி ஹீத் ஊரின் சங்கிலி செய்யும் பெண்கள் 1910இல் மேரி மக்ஆர்தர் தலைமையில் பத்து வாரம் போராடித்தான் குறைந்தபட்சக் கூலியைப் பெற்றனர். சுருள் கட்டுவோருக்குச் சங்கமும் இல்லை, கூலி வாரியமும் இல்லை. உழைப்பின் விலையைத் தீர்மானிப்பவர் உழைக்காதவராகவே இன்றும் இருப்பது அநீதி.

சட்டமும் இவர்களுக்கு உதவவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2016 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் தொட்டியின் கொள்ளளவை 2 மில்லிலிட்டராகவும், நிகோட்டின் புட்டியை 10 மில்லிலிட்டராகவும், செறிவை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாகவும் வரையறுத்தன. கவனத்தோடு கட்டிய தொட்டிக்கும் எறிகருவிக்கும் ஒரே 2 மில்லிலிட்டர் என்றானபோது, அவ்வளவு திரவத்தோடு மின்கலத்தையும் சேர்த்து முத்திரையிட்டு ஏறத்தாழ 600 இழுப்புகளுக்கு விற்பதே வணிகருக்கு எளிதாயிற்று. ஒவ்வொரு எறிகருவியிலும் ஏறத்தாழ 0.15 கிராம் லித்தியம் இருந்தது; மீண்டும் மின்னேற்றத் தகுந்த கலம் ஒருமுறையோடு குப்பைக்குச் சென்று, குப்பை வண்டிகளில் தீயை மூட்டியது.

தமிழர்களுக்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. பிரித்தானிய நகரங்களின் மூலைக்கடைகளிலும் எரிபொருள் நிலையங்களிலும் கணிசமானவற்றை இலங்கைத் தமிழர்கள் நடத்துகின்றனர். எறிகருவிகள் மிகுதியாக விற்பனையானது இத்தகைய கடைகளின் முகப்பு மேசைகளில்தான். இந்தியாவிலோ 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்து, முதற்குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றமாகும். நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்பதில் ஐயமில்லை; புகைபிடிக்காதவர் இக்கருவியைத் தொடுவதற்கு எக்காரணமும் இல்லை. ஆயினும் ஒரு நாடு அதனை விற்க இசையும்போது, பழுதுபார்க்கத்தக்க வடிவத்தை ஒடுக்கி எறியத்தக்க வடிவத்தை வளர்த்தது பிழையான தேர்வாகும்.

பிரித்தானியத் தடைக்குப்பின் சந்தைக்கு வந்துள்ள கருவிகள் மின்னேற்றத் துளையும் மாற்றுக் குப்பியும் உடையவையாயினும், அவற்றின் சுருளைப் பயனர் திறக்க வழியில்லை. குப்பிகள் முன்போலவே குப்பைக்குச் செல்கின்றன. மின்சிகரெட் விற்கும் பிரித்தானியக் கடைகள் பயன்படுத்திய கருவிகளைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்பது விதி. அங்குக் கடை நடத்தும் தமிழர்கள் 18 வயது நிரம்பாதவருக்கு விற்க மறுப்பதோடு, திரும்பப்பெறும் பெட்டியைப் பின்கட்டில் ஒளித்துவைக்காமல் முகப்பு மேசையிலேயே வைத்து, கருவியை வாங்கவரும் ஒவ்வொருவரிடமும் பழையதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.