இல்லாததன் விலை

கோ மொழியைக் குறை சொல்வது சுலபம். 2009-இல் கூகுள் அதை வெளியிட்டபோது ஜெனரிக்ஸ் கிடையாது. 2022 மார்ச்சில் 1.18 பதிப்பு வரும்வரை, முழு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன், தசம எண்களுக்கு அதையே இன்னொரு முறை. எக்ஸெப்ஷன் இன்றுவரை இல்லை. முறையான எனம் இல்லை. "காப்பி பேஸ்ட் பண்றதுக்கு ஒரு மொழியாடா?" என்பான் நண்பன்.

நான் அதில் எழுதியது, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடைபோட்டு, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்து, ரசீது அடிக்கும் நிரல். அங்கிருந்தது பழைய 32-பிட் விண்டோஸ் கணினி. மழை வலுத்தால் நெட் போய்விடும்.

பைத்தான் எனக்கு இன்னும் நன்றாக வரும். ஆனால் அதற்கு இன்டர்பிரெட்டர் வேண்டும், லைப்ரரிகள் வேண்டும், எல்லாம் சரியான பதிப்பில். கோ மொழியிலோ என் லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டு அமைப்புகளை மாற்றி பில்ட் செய்தால், விண்டோஸில் ஓடும் ஒரே ஒரு கோப்பு. பென் டிரைவில் கொண்டுபோனேன்.

"தம்பி, இது நெட் கேக்குமா?" என்றார் எடை எழுதும் அண்ணன்.

"கேக்காதுண்ணா."

"அப்ப சரி."

பிழை வந்ததா என்று அடிக்கடி கேட்கும் அந்த மூன்று வரிகள் சலிப்புதான். ஆனால் அவற்றை எழுதும்போதுதான், தராசு பதில் சொல்லாததும் பிரிண்டரில் காகிதம் தீர்ந்ததும் ஒன்றல்ல என்று யோசிக்க வேண்டியிருந்தது. முதலாவதில் எடையே இல்லை. இரண்டாவதில் எடை பதிவாகிவிட்டது, ரசீதுதான் வரவில்லை. மறுபடி போட்டால் ஒரே மூட்டை இரண்டு முறை கணக்கில் ஏறும்.

எனம் இல்லாதது மட்டும் உறுத்துகிறது. ரசீதின் நிலைகளில் புதிதாக 'ரத்து' என்று ஒன்றைச் சேர்த்தால், அதை எங்கெல்லாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று ரஸ்ட் கம்பைலர் காட்டிக்கொடுக்கும். கோ வாயே திறக்காது. ரத்தான ரசீது கூட்டுத்தொகையில் புகுந்தால் ஒருவரின் மாதப் பணம் தப்பாகும். அதற்கென்றே தனியாக டெஸ்டுகள் எழுதி வைத்தேன்.

இப்போதெல்லாம் ஒரு மொழியில் என்னென்ன இல்லை என்று நான் எண்ணுவதில்லை. இல்லாததற்கு விலை கொடுப்பது யார் என்று மட்டும் பார்க்கிறேன். ஜெனரிக்ஸ் இல்லாத காலத்தில் வலித்தது என் விரல்கள். அது பரவாயில்லை. எனம் இல்லாததற்கு விலை கொடுக்கப்போவது மழையில் மூட்டை இறக்குகிறவர். அந்த இடத்தில் வேலி போடாமல் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மலையேறக் கூடாது.