வெள்ளகெவி வழியே ஒரு பகற்பயணம்

மலையேறுவது கடினம், இறங்குவது எளிது என்பது சமவெளியில் வாழ்வோரின் எண்ணம். கொடைக்கானலின் தென்விளிம்பில், வட்டக்கானலுக்குக் கீழே டால்பின் மூக்கு என்றழைக்கப்படும் பாறையின்மீது ஒருமுறை நின்று பார்த்தவர் அதனைக் கைவிட்டுவிடுவர். நகரம் நிற்பது கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில். காலடியில் விரிந்து கிடக்கும் பெரியகுளத்துச் சமவெளியோ 300 மீட்டர் அளவில். இவ்விரண்டிற்கும் இடையே, வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகெவி என்னும் பழைய மலைக்கிராமத்தைத் தொட்டுக் கும்பக்கரை அருவியில் முடியும் ஒற்றையடிப் பாதை ஒன்றுண்டு. மோட்டார் சாலை வருமுன் மலைக்கும் நாட்டுக்கும் உறவாய் இருந்தவை இத்தகைய கால்வழிகளே.

இதன் நீளம் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். ஆயினும் ஒரே பகலில் எத்தனை உலகங்கள்! தொடக்கத்தில் நகரத்தின் ஓரம்: விடுதிகள், தேநீர்க் கடைகள், வரிசையாய் நிற்கும் வாடகை வண்டிகள், சரிவில் வீசியெறியப்பட்ட நெகிழிக் குப்பை. அடுத்து, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள். அவற்றைக் கடந்தால் நீரைத் தேக்கி ஓடைகளுக்கு ஊட்டும் சோலைக்காடு. மேலும் இறங்கினால் நிழல்மரங்களின்கீழ்க் காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடிகள், எலுமிச்சை, பலா. கிராமத்திற்கும் கீழே காய்ந்த புற்சரிவுகளும் முட்புதர்களும். இறுதியில் பாம்பாற்றின் நீர் பாறைகளில் விழும் ஓசை, அதற்கப்பால் பெரியகுளத்து மாந்தோப்புகள், மீண்டும் மனிதர் ஆரவாரம்.

இவ்வழியில் இளைஞர்களை இருமுறை அழைத்துச் சென்றோம். முதன்முறை சென்றது 2011ஆம் ஆண்டு, நாம் துணைப் பங்குத் தந்தையாய் இருந்தபோது. அன்று திட்டம் என்று ஒன்றிருந்ததாகச் சொல்ல இயலாது. காலை ஒன்பதரை மணிக்கு வட்டக்கானலில் பதினான்கு பேர் இறங்கினோம். வாடகை வண்டியைக் கும்பக்கரைக்கு வந்து நிற்குமாறு உடனே அனுப்பிவிட்டோம். வெள்ளகெவியை அடைந்தபோதே பிற்பகல் இரண்டரை ஆகிவிட்டது. இரு பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் நடுங்கிற்று. திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் திரும்பிச் சென்றால் மேலே வண்டி இல்லை. ஆகவே இறங்கினோம். இருட்டிய பின்னர் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கைவிளக்கு. ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, காலால் கல்லைத் தடவித் தடவி இறங்கி, இரவு ஒன்பதரைக்கு அடிவாரம் சேர்ந்தோம். அங்கே காத்திருந்த தாயொருத்தி எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினான்கு என்று முடித்த பின்னரே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த எண்ணிக்கை இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

ஏழாண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், இதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை வாசகர் அறிவர். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்திற்கு மனிதக் கால் ஈடாகாது. அச்செய்தியைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை. அவர்கள் கவனமற்றோர், நாம் கவனமுள்ளோர் என்று நெஞ்சறிய நம்மால் சொல்ல முடியாது. அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேரவில்லை, அவ்வளவே.

எனவே, இளைஞர்கள் மீண்டும் வெள்ளகெவி வழியே போகவேண்டும் என்று கேட்டபோது, மூன்று மாதம் பொறுங்கள் என்றோம். முதலில் அனுமதி. குரங்கணித் துயருக்குப் பின் அரசு மலையேற்றத்திற்கென விதிகள் வகுத்தது. 2024ஆம் ஆண்டு வனத்துறை நாற்பது மலைப்பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் கூடிய திட்டம் ஒன்றையும் தொடங்கியது. அனுமதியின்றிக் காட்டில் கால் வைப்பது குற்றம் மட்டுமன்று. நாம் அங்கே இருப்பதை அறிந்த ஒருவரும் இல்லாத நிலையை நாமே உண்டாக்குவதாகும்.

அடுத்து மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், அட்டை மொய்க்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து தீயச்சம் மிகும். ஆகவே தை மாதத்தைத் தேர்ந்தோம்.

பின்னர் நேரக் கணக்கு. ஸ்காத்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்த விதி எளியது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம். செங்குத்தான இறக்கத்திற்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும் என்பது பின்வந்த எரிக் லாங்முயர் சேர்த்த திருத்தம். இதன்படி நம் வழிக்கு நான்கு மணி நேரம் போதும். ஆனால் அது பழகிய காலுக்கான கணக்கு. பதினாறு பேர் சேர்ந்து நடக்கையில் வேகத்தை நிர்ணயிப்பவர் முன்னே ஓடுபவர் அல்லர், கடைசியில் வருபவரே. ஆகவே அதனை இரட்டித்து எட்டு மணி நேரம் என்று எழுதினோம். தை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. காலை ஆறே முக்காலுக்குப் புறப்பாடு, பதினொன்றரைக்குள் வெள்ளகெவி, அதற்குப் பிந்தினால் மேலே திரும்புதல். இவ்விதியைக் காட்டில் அல்ல, பங்குமனை மேசையில், அனைவரும் கேட்க வைத்து எழுதினோம். களைப்பும் ஆசையும் சேர்ந்து எடுக்கும் முடிவு நல்ல முடிவாய் இராது என்பதை 2011 நமக்குக் கற்பித்திருந்தது.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, எலுமிச்சை, உப்பு, கைவிளக்கு, ஊதல். வழிகாட்டியை முந்தி ஒருவரும் செல்லலாகாது. கடைசி ஆளாய் நாமே வருவோம். பழகாத புதுக் காலணி ஆகாது. காட்டெருமையைக் கண்டால் படம் எடுக்க நெருங்கலாகாது, ஒதுங்கி வழிவிட வேண்டும். இவற்றையெல்லாம் இளைஞர் ஒப்புக்கொண்டனர். ஒன்றை மட்டும் ஒப்பவில்லை: இரண்டு வண்டி. ஒன்று கும்பக்கரையில் காத்திருக்கும். மற்றொன்று மாலை ஆறரை வரை வட்டக்கானலைவிட்டு நகராது. “தேவையில்லாத செலவு சாமி, இறங்கத்தானே போறோம்” என்றார் கணக்கு வைத்திருந்தவர். திரும்பும் வழிக்கு முன்கூட்டியே பணம் கட்டாதவன் திரும்பமாட்டான் என்று மறுமொழி கூறினோம். அரைமனத்தோடு இசைந்தனர்.

அந்நாள் வந்தது. பனிப்படலத்தின்மீது கதிரவன் எழுந்தான். பாறையின் நுனியில் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். வேர்களே படிக்கட்டாய் அமைந்த சரிவில் நடை மெதுவாயிற்று. பத்தரை மணிக்கே நம் கணக்கு பிந்திவிட்டதை உணர்ந்தோம். நமக்கு முன்னே சென்ற பதினாறு வயதுப் பையன், ஒவ்வொரு பாறையிலும் பக்கவாட்டில் திரும்பிக் கால்வைத்து இறங்கினான். “காலில் என்னப்பா?” என்றோம். “ஒண்ணுமில்ல சாமி” என்றான், மூன்று முறை.

வெள்ளகெவியை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. அவ்வூர் மக்கள் ஊருக்குள் காலணி அணிவதில்லை. வருவோரும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் மரபு. எல்லோரும் கழற்றினர். அவன் மட்டும் நின்றான். பிறகு குனிந்து கழற்றினான். காலுறையின் முன்பகுதி முழுவதும் இரத்தம். இரு பெருவிரல் நகங்களும் கறுத்து எழும்பியிருந்தன. காலணி புதியது, இப்பயணத்திற்கென்றே அவன் தாய் வாங்கித் தந்தது. நாம் வகுத்த விதியைச் சொன்னால் வரவேண்டாம் என்று தடுத்துவிடுவோமோ என அஞ்சி மறைத்திருக்கிறான். புறப்படுமுன் பதினாறு பேரின் காலையும் நாம் குனிந்து பார்த்திருக்க வேண்டும். விதியை எழுதியதோடு நின்றுவிட்ட பிழை நம்முடையதே.

நகம் எழும்பிய விரலுக்கு இறக்கம் நரகம். ஏற்றம் அத்துணை வதைக்காது. ஊரார் ஒருவர் தம் குதிரையில் அவனை வட்டக்கானல் வரை ஏற்றிச்செல்ல முன்வந்தார். அப்போதுதான் வாதம் எழுந்தது. “அவனைக் குதிரையில மேல அனுப்பிடுவோம் சாமி. நாங்க பாதிக்கு மேல வந்துட்டோம், இறங்கிடுறோம்” என்றார்கள் மூத்த இளைஞர் நால்வர். அதில் நியாயம் இருந்தது. வானம் தெளிவாக இருந்தது. அவர்கள் கால்கள் உறுதியாக இருந்தன. வழிகாட்டியை நோக்கினோம். “இறங்கலாம் சாமி. கடைசியில இருட்டலாம். உங்க முடிவு” என்றார். எழுதிய தாளை எடுத்துக் காட்டினோம்: பதினொன்றரை. வேறொன்றும் சொல்லவில்லை.

ஏறினோம். பேச்சற்ற ஏற்றம் அது. ஒரு மணி நேரம் எவரும் எம்மை நோக்கவில்லை. பின்னர் ஓரிடத்தில், எல்லோரினும் மிகுதியாய்ச் சினந்திருந்த இளைஞர், குதிரைமேல் இருந்தவனின் பையைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டதைக் கண்டோம். அதற்குப்பின் நடை இலேசாயிற்று. சோலைக்காட்டின் ஓடையருகே எலுமிச்சை நீர் அருந்தினோம். ஒருவர் பாடினார், மற்றவர் பின்பாடினர்.

வாசகர் எதிர்பார்ப்பது போல், பிற்பகலில் புயலோ மழையோ வரவில்லை. அன்று மாலை கீழ்ச்சரிவு முழுவதும் பொன்வெயில் காய்ந்தது. “இறங்கியிருந்தா போய்ச் சேர்ந்திருப்போம் சாமி” என்றார் கணக்கு வைத்திருந்தவர். ஆம், சேர்ந்திருக்கலாம் என்றோம். அது உண்மை. நல்ல முடிவு என்பது பின்விளைவால் மெய்ப்பிக்கப்படும் என்று எவரும் உறுதி அளிக்கவில்லை. அறிந்தவற்றைக்கொண்டு, பலவீனரை முன்னிறுத்தி எடுக்கும் முடிவே நம் கையில் உள்ளது. எஞ்சியது நம் கையில் இல்லை.

மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வட்டக்கானலின் முதல் தேநீர்க் கடை தெரிந்தது. வண்டி நின்றிருந்தது. கும்பக்கரையில் காத்திருந்தவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். பிள்ளைகள் ஏறுகையில் கதவருகே நின்று, அன்று அத்தாய் செய்தது போலவே, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினோம். பதினாறு. வெளிச்சம் இன்னும் இருந்தது.